வீட்டினுள் ஒரு கடல்: அதை அசைக்க எந்தப் பம்பி?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, அயல் வீட்டு மாணவனொருவன் கையில் துண்டுக் கடதாசியுடன் எங்கள் வாசலில் வந்து நின்றான். உயர்தர வகுப்பிற் கற்பவன், உயிரியலில் நாட்டமுள்ளவன். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பிக் கோமாளி மீன் வளர்க்க வேண்டுமென்பது அவனுடைய நெடுநாள் ஆசை. தொட்டி வந்துவிட்டது, அதைத் தாங்கும் மரப்பெட்டி வந்துவிட்டது, அப்பெட்டிக்குள்ளே மறைந்திருந்து நீரைச் சுத்திகரிக்கும் கீழ்த்தொட்டியும் வந்துவிட்டது. எஞ்சியிருந்தது பம்பி ஒன்றே. கடதாசியில் மூன்று பம்பிகளின் விலையும், மணிக்கு எத்தனை லீற்றர் என்ற எண்ணும் எழுதப்பட்டிருந்தன.

"மாமா, இவற்றுள் எதை வாங்கலாம்?"

"தம்பி, கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் விளிம்புவரை எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன்.

அவன் விழித்தான். கடைக்காரர் அதைக் கேட்கவில்லையே என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் ஒரு காலத்தில் எதையும் அளக்காமலே பம்பி வாங்கியவன்தான். அதன் பலனை நான் மட்டும் அனுபவித்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. வாயில்லாச் சீவன்களும் அனுபவித்தன.

2019ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் நான்கடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டு கோமாளி மீன்களும், அவை குடியிருக்கக் கடற்சாமந்தி ஒன்றும் இருந்தன. வயிற்றுப்புறத் துடுப்புகள் கறுத்த இந்தக் கோமாளி மீன் மாலைதீவையும் இலங்கையையும் சூழ்ந்த கடலுக்கே உரியது. அது ஒரேயொரு வகைக் கடற்சாமந்தியிலேதான் வாழும். வேறு வீடு அதற்குத் தெரியாது. அந்தத் தொட்டிக்குள் நீரைச் சுழற்றுவதற்கென நான் வாங்கிய பம்பி, கடையிலிருந்தவற்றுள் மிகப் பெரியது. பெரியதென்றால் நல்லதென்பது என் எண்ணம். நீரை உறிஞ்சும் அதன் வாயில் விரல் நுழையும் அகலத்துக்குப் பிளவுகள் இருந்ததை நான் பெரிதுபடுத்தவில்லை.

கடற்சாமந்தி செடியன்று, விலங்கு. வேரூன்றியதுபோல் தோன்றினாலும் இடம் பிடிக்காவிட்டால் மெல்ல நகர்ந்து செல்லும். ஓட்டம் அளவுக்கு மிஞ்சியிருந்தமையால் அது அமைதியான மூலையைத் தேடிப் புறப்பட்டிருக்கவேண்டும். இரவில் அது போய்ச் சேர்ந்த இடம் பம்பியின் வாய். விடியற்காலையில் எழுந்து பார்க்கையில் நீர் பாலைப்போல் வெளுத்திருந்தது, அறையெங்கும் துர்நாற்றம். சிதைந்த உடலிலிருந்து வெளிப்பட்ட நச்சு நீரெல்லாம் பரவி, மீன்கள் இரண்டும் பக்கவாட்டிற் சாய்ந்து கிடந்தன. அப்போது ஒன்பது வயதாயிருந்த என் மகள் அழவில்லை. "அப்பா, கடலிலேயே விட்டிருந்தால் இப்போதும் இருந்திருக்குமோ?" என்று மட்டும் கேட்டாள். இருந்திருக்கும், வீட்டுத் தொட்டிகளிலே கூட இம்மீனினத்தவை 20 ஆண்டு வாழ்ந்ததுண்டு.

கடற்சாமந்தியின் ஆயுளைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ஸ்கொத்லாந்தில் சர் ஜோன் டாலியல் என்ற அறிஞர் 1828ஆம் ஆண்டு கரையோரப் பாறையிலிருந்து எடுத்து வந்த கடற்சாமந்தியொன்று, அவர் இறந்த பின்னும் கைமாறிக் கைமாறி 1887வரை ஒரு கண்ணாடிச் சாடிக்குள் உயிர் வாழ்ந்தது. 'பாட்டி' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். அச்சாடிக்குப் பம்பி கிடையாது. ஆனால் புதிய கடல்நீர் ஓயாமல் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தது. நாள்தோறும் கடல்நீர் சுமந்து வர ஆளுள்ளவர்களுக்குப் பம்பி வேண்டியதில்லைத்தான்.

வேலைக்காரச் சிறுமியே பம்பியானாள்

வீட்டினுள் கடலை வைத்துக் காத்தவர்களுள் முந்தியவர் அன்னா தைன் என்ற ஆங்கில மாது. 1846ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து உயிருள்ள கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். நீர் தேங்கிக் கிடந்தால் அவை மடியுமென்று கண்டு, திறந்த யன்னலோரத்தில் அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாறி மாறி ஊற்றுவிப்பதை வழக்கமாக்கினார். ஊற்றியவள் அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. மீன்தொட்டிக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைத் தம் நூலால் உலகமறியச் செய்த பிலிப் ஹென்றி கொஸ் அந்நூலை வெளியிட்டது 1854இல்; அதற்கு எட்டாண்டு முன்னரே அந்தப் பெயரறியாச் சிறுமி உலகின் முதற் கடல்தொட்டிப் பம்பியாக வேலை பார்த்துவிட்டாள்.

அவள் செய்தது என்ன? காற்றிலுள்ள ஒட்சிசன் நீரினுட் கரைவது பெரும்பாலும் நீரின் மேற்பரப்பினூடாகத்தான். அசையாத நீரில் மேலேயுள்ள மெல்லிய படை மாத்திரம் ஒட்சிசனைப் பெற்றுக்கொள்ளும். அடியிலுள்ளது மூச்சுத் திணறும். அடிநீரை மேலே கொணர்ந்து காற்றுக்குக் காட்டிக்கொண்டே இருப்பதுதான் பம்பியின் தலையாய பணி. அதிலும், ஒரே வெப்பநிலையில் நன்னீரிற் கரையும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கடல்நீரிற் குறைவு. நீர் சூடேறுந்தோறும் இன்னும் குறையும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வீட்டில், 29 பாகை வெப்பத்தில், உப்புநீரில் மீன் வளர்ப்பவன் இரு வகையிலும் இடர்ப்பட்டவன். நன்னீர்த் தொட்டியில் அரைநாள் பொறுக்கும் பிழையைக் கடல்தொட்டி பொறுப்பதில்லை.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிட வேண்டும். கடல்தொட்டிக்கு வேண்டியவை இரண்டு வேலைகள். அவற்றை ஒரே பம்பியிடம் ஒப்படைப்பதால் வரும் தொல்லைகள் பல. கீழ்த்தொட்டியிலிருந்து நீரை மேலே ஏற்றுவது ஒன்று. அதை ஏற்றுப் பம்பி எனலாம். மேல்தொட்டிக்குள்ளேயே நீரைப் புரட்டி அலைபோல் அசைப்பது மற்றது. அதைச் சுழற்றுப் பம்பி எனலாம். முன்னதற்கு உயரத்தை வெல்லும் வலிமை வேண்டும். பின்னதற்கு உயரமே இல்லை. அகன்ற விசிறிபோல் நிறைய நீரை மெதுவாகத் தள்ளினாற் போதும். காற்றுக் குமிழி விடும் சிறு பம்பி மூன்றாவது வகை. அது அவசரத்துக்கு உதவும். அதைப் பின்னர் பார்ப்போம்.

துலா சொல்லித் தரும் பாடம்

பெட்டியின் மேல் 'மணிக்கு 1200 லீற்றர்' என்று அச்சிட்டிருக்கிறது. இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. நீரைச் சற்றும் உயர்த்தாமல், குழாயும் பூட்டாமல் விட்டால் அந்தப் பம்பி தள்ளும் அளவு அது. நம் ஊர்த் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தை அறிந்த முதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழங்குறைந்த கிணற்றில் ஒரு மணிக்கு நூறு பட்டை இறைப்பவன் ஆழக் கிணற்றில் அதே ஆட்களோடு அறுபதுகூட இறைக்க மாட்டான். ஆள் மாறவில்லை, உயரம் மாறிவிட்டது.

பம்பியும் அவ்வாறே. ஒவ்வொரு பம்பிக்கும் ஓர் எல்லை உயரம் உண்டு. அந்த உயரத்துக்கு நீர் ஏறும், ஆனால் வெளியே ஒரு துளியும் விழாது. நல்ல உற்பத்தியாளர் எந்த உயரத்தில் எத்தனை லீற்றர் வருமென்பதை ஒரு வரைபாகவே பெட்டியில் அச்சிட்டிருப்பார். வாங்குமுன் பார்க்கவேண்டியது அந்த வரைபைத்தான். வரைபில்லாத பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிட்டு வருவது என் வழக்கம்.

மாணவனை வீட்டுக்கனுப்பி அளந்து வரச் செய்தேன். 130 சென்ரிமீற்றர் என்றான். அவனுடைய கடதாசியில் முதலாவதாக இருந்த பம்பியின் எல்லை உயரம் ஒன்றரை மீற்றர். எல்லைக்கு 20 சென்ரிமீற்றரே மிஞ்சியிருக்கையில், 1200 லீற்றர் என்ற அந்தப் பம்பியிலிருந்து இருநூறு லீற்றர் வந்தாலே பெரிய காரியம். விலை குறைவென்று அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தான்.

உயரத்தோடு குழாயின் உராய்வும் சேரும். இதை நம்மவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு நீரைச் செலுத்த முயன்றால் உராய்வு ஏறக்குறைய 30 மடங்காகும். ஆகையால் பம்பியின் வாயளவுக்கே குழாய் வாங்காமல், அதனிலும் ஒருபடி பெரிய குழாயை வாங்குவது புத்தி. முழங்கை மூட்டுகள் இரண்டுக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டால், சிறு தொட்டிக்கு உராய்வின் பொருட்டு இன்னுமொரு 30 சென்ரிமீற்றர் உயரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாற் போதும். எங்கள் மாணவனுக்கு அவ்வாறு 160 சென்ரிமீற்றர் வந்தது.

எத்தனை லீற்றர் வேண்டும்? அவனுடைய தொட்டி 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம். 40 உயரத்துக்கு நீர் விட்டால் 162 லீற்றர். பாறையும் மணலும் கொள்ளும் இடத்தைக் கழித்தால் 150 என்று வைக்கலாம். மணிக்கு ஐந்து முறை அந்நீர் முழுவதும் கீழ்த்தொட்டிக்குப் போய்வந்தால் நன்று. ஆக 750 லீற்றர். இதைப் பத்து மடங்காக்கினால் இன்னும் நல்லதென்று நினைப்பவருண்டு. நீர் கீழ்த்தொட்டியினூடாக விரைந்தோடினால் நுண்குமிழிகள் மேலே வந்து தொட்டி கலங்கும், வழிகுழாய் இரைச்சலிடும், இரவில் வீட்டாரும் உறங்க மாட்டார்கள். அன்றியும், பம்பி ஏற்றும் அளவைவிட அதிகமாக வழிகுழாய் இறக்க வல்லதாக இருந்தாலன்றி நீர் விளிம்பு கடந்து தரைக்கு வரும்.

தொட்டிக்குள்ளான சுழற்சி வேறு கணக்கு. மீன் மட்டும் இருந்தால் தொட்டி நீரின் பத்து மடங்கு போதும்; கடற்சாமந்தியோ மென்பவளமோ இருந்தால் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் வைக்கலாம். கற்பவளங்களுக்கு 30 மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். ஆனால் நம் நாட்டுக் கடலிலிருந்து கற்பவளத்தை எடுப்பது சட்டவிரோதம். 1998ஆம் ஆண்டில் கடல் சூடேறியபோது வெளுத்து மடிந்த இக்கடுவைப் பவளங்களை நினைத்தால், சட்டமில்லாவிட்டாலும் எடுக்க மனம் வராது. எனவே அந்தக் கணக்கை விட்டுவிடுவோம். ஒரே பெரிய சுழற்றுப் பம்பியைக் காட்டிலும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சிறியவை நல்லவை. அவை மாறி மாறி ஓடினால் ஓட்டம் ஒரே திசையில் அறையாமல் கடலிற்போல் முன்னும் பின்னும் அசையும். உறிஞ்சும் வாய்க்குக் கடற்பஞ்சுபோன்ற உறையோ நுண்வலையோ கட்டாயம். அது இருந்திருந்தால் 2019இன் அந்த விடியற்காலை எங்கள் வீட்டுக்கு வந்திராது.

சூடும் மின்கட்டணமும்

குளிர்நாட்டு நூல்களில் இந்த விஷயத்துக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். அங்கே பம்பியின் சூடு ஒரு வரப்பிரசாதம். நமக்கோ அது பகை.

மணிக்கு 800 லீற்றர் நீரை 130 சென்ரிமீற்றர் உயர்த்துவதற்கு உண்மையில் தேவைப்படும் ஆற்றல் 3 வாற்றுக்கும் குறைவு. ஆனால் பம்பியோ 20 வாற்று, 45 வாற்று என்று உறிஞ்சும். மிகுதியெல்லாம் வெப்பமாகும்; நீருள் மூழ்கிக் கிடக்கும் பம்பியாயின் அவ்வெப்பம் நீரிலேயே இறங்கும். 45 வாற்றுப் பம்பி 200 லீற்றர் நீரை, வெப்பம் வெளியே தப்பாத பட்சத்தில், ஐந்து மணியில் ஒரு பாகை சூடாக்கிவிடும். நடைமுறையில் ஒரு பகுதி காற்றோடு போய்விடுமாயினும், ஏற்கெனவே 29 பாகையில் நிற்கும் நீருக்கு ஒரு பாகை என்பது சிறிதன்று. மேற்பரப்பின் மேல் சிறு விசிறியொன்றை ஓடவிட்டால் நீர் ஆவியாகிக் குளிரும். அவ்வாறு குறையும் நீரை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும், உப்பு ஆவியாவதில்லையன்றோ. கீழ்த்தொட்டியில் நீர் குறைந்தால் பம்பி காற்றை உறிஞ்சிச் சூடேறிக் கெட்டுப் போகும். கண்ணாடியில் ஒரு கோடு வரைந்து நாள்தோறும் பார்ப்பது நலம்.

ஒரே அளவு நீரைத் தரும் இரு பம்பிகளில் ஒன்று 45 வாற்றும் மற்றது 20 வாற்றும் எடுக்குமானால், மாதத்தில் முன்னது 32 அலகும் பின்னது 14 அலகும் மின்சாரத்தை உண்ணும். இரவும் பகலும் ஓயாது ஓடும் யந்திரம் இது. விலை கூடிய பம்பி சில வேளைகளில் மலிவான பம்பியாகிவிடும் இரகசியம் இதுதான். தூரிகையில்லா நேரோட்ட மோட்டர் கொண்ட பம்பிகள் இந்த வகையில் மெச்சத்தக்கவை. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவற்றுக்குக் கட்டுப்படுத்தி உண்டு, மின்கலத்திலும் ஓடும்.

மின்கலம் என்றதும் 2022ஆம் ஆண்டின் நினைவு வருகிறது. மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்ட அந்த நாட்களில், எங்கள் வீட்டில் மீண்டும் ஒரு தொட்டி இருந்தது. மின்கலமுமில்லை, காற்றுப் பம்பியுமில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் என் மகள் ஒரு குவளையால் நீரை அள்ளி ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்பவும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் களைத்ததும் தாய். தாய் களைத்ததும் நான். அன்னா தைனின் வேலைக்காரச் சிறுமியைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. பின்னர் படித்தபோது அவளுக்கு எப்படிக் கை வலித்திருக்குமென்று நன்றாகத் தெரிந்தது. மீன்கள் பிழைத்தன. இப்போது 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி மின்கலமொன்று தயாராக நிற்கிறது. 5 வாற்றுப் பம்பியைக் கணக்குப்படி 16 மணி நேரம் ஓட்டவேண்டிய அதை, பத்து மணியென்றே நான் நம்புகிறேன்.

மின்சாரம் நிற்கும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. பம்பி நின்றதும், மேல்தொட்டியின் நீர் வந்த குழாய் வழியாகவே தலைகீழாக வடியத் தொடங்கும். குழாயின் வாய் நீருக்குள் எவ்வளவு ஆழத்திலிருக்கிறதோ அவ்வளவும் வடியும். எங்கள் மாணவனின் தொட்டியில் ஐந்து சென்ரிமீற்றர் வடிந்தால் அது 20 லீற்றர். அதைக் கொள்ளக் கீழ்த்தொட்டியில் இடமிருக்க வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டுவிட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்றுப் புகுந்து வடிதல் நின்றுவிடும். ஒருவழி வால்வை நம்பலாமென்பார்கள். நான் நம்பினேன், உப்பும் பாசியும் அடைத்து அது மூடாமற் போன இரவில், கீழ்மாடியிலிருந்தவர் குடையுடன் வந்து கதவைத் தட்டினார்.

வெளிநாட்டு உறவினரிடம் பம்பி கேட்டு எழுதுவோருக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலிருந்து வரும் பம்பி 120 வோல்ற்றுக்கும் 60 சுற்றுக்கும் செய்யப்பட்டது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்று, 50 சுற்று. நேரே செருகினால் புகைதான். மாற்றி ஒன்றை இடையிற் பூட்டினால் வோல்ற்று சரியாகும், சுற்று சரியாகாது. சாதாரண காந்தச் சுழலிப் பம்பி ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். மூன்று மீற்றர் ஏற்றவேண்டியது இரண்டு மீற்றரை ஒட்டி நின்றுவிடும். நேரோட்டப் பம்பியாயின் அதன் மின்வழங்கியில் '100 முதல் 240 வரை' என்று பொறித்திருக்கிறதாவென்று பார்த்துக்கொள்ளலாம்.

கடல்நீர் படும் இடத்தில் பித்தளையும் செம்பும் கூடவே கூடாது. கடற்சாமந்தி முதலிய முதுகெலும்பற்றவற்றுக்குச் செம்பு நஞ்சு. சுழலியின் அச்சு வெண்களியாலோ தைத்தேனியத்தாலோ ஆனதாக இருக்கட்டும். மின்கம்பி சுவரிலுள்ள துளைக்கு நேரே போகாமல் ஒருமுறை கீழே தொங்கி மேலேறிச் செல்ல வேண்டும். வழியும் நீர் அந்தத் தொங்கலிலிருந்து சொட்டிவிடும். மின்கசிவை உணர்ந்து தானே துண்டிக்கும் ஆளி இல்லாத வீட்டில் கடல்தொட்டி வைக்கவே வேண்டாம். உப்புநீரில் கை வைப்பது பெரும்பாலும் பிள்ளைகள்.

இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை பம்பியைக் கழற்றி, வினாகிரியும் நீரும் சம அளவிற் கலந்து அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், சுழலியிற் படிந்த சுண்ணாம்பு இளகிவிடும். பழைய பற்தூரிகை ஒன்றே ஆயுதம். உதிரிச் சுழலி கிடைக்காத பம்பி எத்துணை மலிவாயினும் வேண்டாம்.

மாணவன் கடைசியில் வாங்கியது எல்லை உயரம் மூன்று மீற்றர் கொண்ட 2000 லீற்றர்ப் பம்பி. நேரோட்ட மோட்டர், 20 வாற்று. கடதாசியில் அது மூன்றாவதாக இருந்தது. இரண்டு வாரங்களுக்காக அவன் பிற்போட்டது சுழற்றுப் பம்பிகளை மட்டுமே. கைக்காசு அதுவரைதான் இருந்தது.

சென்ற ஞாயிறு மீண்டும் வந்தான். பத்து லீற்றர் வாளியை மேல்தொட்டிக் குழாயின் வாயிற் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்தானாம்.

"வாளி நிறைய 43 விநாடி, மாமா!"

கணக்கிட்டுப் பார்த்தோம், மணிக்கு 837 லீற்றர். மீன் எப்போது வாங்குவதென்று கேட்டான். நீரிலுள்ள கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருக இன்னும் நான்கைந்து வாரமாவது செல்லும் என்றேன். முகம் சற்று வாடியது. இப்போது அவன் வீட்டுக் கூடத்தில், சுட்ட மண்ணாற் செய்த நான்கு பாறைகளைச் சுற்றி, மீனில்லாத கடல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பாடசாலை விட்டு வந்ததும் அதன் முன்னே கதிரையைப் போட்டு உட்கார்ந்து விடுகிறானென்று அவனுடைய தாயார் சொல்கிறார்.